சுழி பார்த்து முடி வரைதல்: பென்சிலில் விலங்கின் ரோமம்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் சுழி பார்ப்பார். நெற்றியில் எத்தனை, முதுகில் எங்கே, திமிலுக்கு முன்னாலா பின்னாலா என்று தடவித் தடவிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அந்தச் சுழிக்கு ராசி உண்டா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பென்சிலில் விலங்கின் ரோமம் வரைய உட்காருகிறவருக்கும் முதல் வேலை அதேதான். முடி எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே பிரிகிறது, எங்கே எதிரும் புதிருமாக வந்து முட்டுகிறது என்று தெரியாமல் கோடு இழுத்தால், எவ்வளவு மெல்லிய கோடானாலும் அது புல் முளைத்த மாதிரிதான் நிற்கும்.

வரையப் பழகுகிறவர்களில் பலர் தவறு பென்சிலில் இருப்பதாக நினைத்து 8பி, 10பி என்று மிகக் கறுப்பான பென்சில்களைத் தேடி அலைகிறார்கள். 2பி ஒன்று, 4பி ஒன்று, நல்ல ரப்பர் ஒன்று இருந்தால் நாய் முகம் வந்துவிடும். வராமல் போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: போக்கு பார்க்காமல் தொடங்குவது, முடியை ஒவ்வொன்றாக வரைய முயல்வது. காகிதத்தில் நாம் வரைவது முடியை அல்ல; முடிக்கற்றைகளுக்கு நடுவே விழும் நிழலை. நிழல் சரியாக விழுந்துவிட்டால் பாதி முடியைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

கீழே சொல்வதெல்லாம் ஒரு பழுப்பு நிற நாட்டு நாயின் முகத்தை ஏ4 தாளில், 15 முதல் 16 செ.மீ. உயரத்துக்கு வரைவதை மனதில் வைத்துச் சொல்வது. நாயைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. வேலூர் வெயிலில் மதியம் எந்தத் தெரு நாயும் ஒரு நிழல் பார்த்துப் படுத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்டுகொள்ளாது.

போக்கு

நாயின் மூக்கில் கருப்புத் தோல் முடிகிற விளிம்பில் முடி மிகக் குட்டை. அங்கிருந்து பின்னோக்கி, மூக்குத் தண்டின் மேலாக நெற்றிக்கு ஏறுகிறது. கண்ணின் உள்முனையில் இரண்டாகப் பிரிந்து ஒரு பங்கு புருவ மேட்டைத் தாண்டி உச்சிக்கும், மற்றது கண்ணுக்குக் கீழே வளைந்து கன்னத்துக்கும் போகிறது. கன்னத்து முடி காதுக்கு அடியில் நீளம் கூடி, கழுத்தில் சேர்ந்து கீழே இறங்குகிறது. நெஞ்சில் இரண்டு பக்கத்துப் போக்கும் முட்டுகிற இடத்தில் சுழியோ, வகிடு எடுத்தது போன்ற ஒரு மேடோ தெரியும்.

இதே வரைபடத்தை மாட்டுக்குப் போட்டால் கெட்டது. மாட்டுக்கு நெற்றியில் சுழி இருக்கிறது. சுழிக்கு மேலே உள்ள முடி கொம்பை நோக்கி ஏறும், கீழே உள்ளது மூக்கை நோக்கி இறங்கும். நாயின் மூக்குத் தண்டில் மேல்நோக்கிப் போகிற கோடு, மாட்டின் மூக்குத் தண்டில் கீழ்நோக்கி வரவேண்டும். எருது விடும் விழாவில் எடுத்த படத்தைப் பார்த்துக் காளை வரைகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கொம்பு, திமில், கயிறு எல்லாம் அச்சாக இருக்கும். நெற்றியில் மட்டும் நாய் முடி இருக்கும்.

குரங்கு இன்னொரு மாதிரி. சோளிங்கர் மலைப்படியில் பையைப் பிடுங்குகிற குரங்கின் தலையைப் பாருங்கள். உச்சியின் நடுவே ஒரு சுழி. அதிலிருந்து நாலாபக்கமும் முடி விரிந்து குல்லாய் வைத்தது போல உட்கார்ந்திருக்கும். நெற்றியிலோ குட்டை முடி, நடு வகிடு. அந்த உச்சிச் சுழியை முதலில் குறிக்காமல் தலையை வரைந்தால் கிராப்பு வெட்டிய பையன் மாதிரி ஆகிவிடும்.

போக்கைப் பதிவு செய்ய ஒரு வழி: பார்த்து வரையும் படத்தை ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் ஏ4 அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வைத்து மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். சுமார் 1 செ.மீ.க்கு ஒன்று. முடி நீளமான இடத்தில் நீள அம்பு, குட்டையான இடத்தில் குட்டை அம்பு. முகத்துக்கு 70, 80 அம்பு வரும், அரை மணி நேரம் பிடிக்கும். எங்கே இரண்டு அம்புகள் மோதுகின்றனவோ அங்கே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். நிழல் கட்டாயம் விழும் இடம் அது. இந்த அரை மணி நேரத்தைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பிறகு பத்து மணி நேரம் வரைந்துவிட்டு "என்னவோ சரியில்லை" என்கிறார்கள்.

முடி தோலிலிருந்து நேராக எழுந்து நிற்பதில்லை, சாய்ந்து கிளம்புகிறது. அதுவும் சமமாகப் பரவி நிற்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். ஆம்பூர் என்றால் ஊருக்கெல்லாம் பிரியாணிதான் ஞாபகம் வரும். வரைகிறவருக்கு ஞாபகம் வரவேண்டியது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த ஊரிலும் தோல் வேலை செய்கிற வீட்டில் ஒரு கழிவுத் துண்டு கிடைக்கும். ஆட்டுத்தோலின் மேற்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடி இருந்த துளைகள் வரிசை வரிசையாக, மூன்று மூன்றாகக் கூடி நிற்பது தெரியும். மாட்டுத்தோலில் துளைகள் பொடியாக, ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். ஆட்டு முடி கற்றை கற்றையாகவும், மாட்டு முடி வழவழவென்று ஒரே பரப்பாகவும் தெரிவதற்கான அடித்தளம் அந்தத் துளைகளிலேயே கிடக்கிறது.

படம் எடுப்பது

உச்சி வெயிலில் எடுத்த படம் உதவாது. ஒளி மேலிருந்து கொட்டுவதால் கற்றைகளுக்கு நடுவே நிழல் இல்லாமல் போகும். காலை 7 முதல் 8.30 வரை, அல்லது மாலை 4.30-க்குப் பிறகு, பக்கவாட்டு ஒளியில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனில் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும்போது அது காது ஓரத்து முடியையும் மீசையையும் சேர்த்து விழுங்கிவிடும். கண்ணுக்குக் கீழே, காதடியில், கழுத்தில் என மூன்று நெருக்கப் படங்கள் தனியாக எடுத்து வைப்பது பின்னால் உதவும்.

தாளும் பென்சிலும்

சாதாரண 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாள் இரண்டு அடுக்குக்கு மேல் தாங்காது. சார்ட் பேப்பர் வழவழப்பு, கிராஃபைட் பிடிக்காமல் வழுக்கும். வாட்டர் கலர் தாளின் சொரசொரப்பில் மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக உடையும். 180 முதல் 220 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் போதும். கையில் காசு இருந்தால் வழவழப்பான பிரிஸ்டல் தாள் 250 ஜிஎஸ்எம். குட்டை முடிக்குப் பிரிஸ்டல் நன்றாக வரும், ஆடு, கரடி போன்ற முரட்டு முடிக்குக் கார்ட்ரிட்ஜே மேல்.

பென்சிலில் 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி ஐந்தும், 0.3 அல்லது 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் ஒன்றும் இருந்தால் எந்த முடிக்கும் போதும். அப்சரா, கேமலின் என்று எதில் தொடங்கினாலும் சரி, ஒரு படம் முழுக்க ஒரே கம்பெனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் 4பி இன்னொன்றின் 2பி அளவே கறுக்கலாம். 1795-ல் பிரான்ஸில் நிக்கோலா ழாக் கோந்தே கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுட்டுப் பென்சில் குச்சி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் கணக்கு அதேதான்: களிமண் கூடினால் எச், கிராஃபைட் கூடினால் பி. எச் பென்சிலை அழுத்தினால் கறுக்காது, தாளின் இழையை நசுக்கி மெழுகிவிடும். அதன் மேல் 4பி எவ்வளவு போட்டாலும் ஏறாது. ஆகவே 2எச்-ஐ இறகால் தொடுவது போலத் தொடவேண்டும்.

ஷார்ப்னரில் சீவிய முனை ரோமத்துக்குக் குட்டை. பிளேடால் மரத்தைச் சீவிக் குச்சியை 8 முதல் 10 மி.மீ. வெளியே எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளில் படுக்கவைத்து உருட்டிக் கூராக்குங்கள். பத்துப் பதினைந்து கோட்டுக்கு ஒருமுறை பென்சிலை விரலிடையே கால் சுற்று திருப்பினால் முனை தானாகவே தீட்டிக்கொள்ளும். உப்புத்தாளில் விழும் தூளைக் கொட்டிவிடாதீர்கள், ஒரு சின்ன டப்பியில் சேர்த்து வையுங்கள். அடிநிறம் போட அதுதான் வேண்டும்.

ரப்பரில், களிமண் போலப் பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய பிசையும் ரப்பர் கட்டாயம் வேண்டும். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது அது இளகிக் கையில் ஒட்டும். ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும். அதோடு ஒரு சாதா ரப்பரைப் பிளேடால் ஆப்பு வடிவில் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைச் சொன்னதால் வியர்வையையும் சொல்லிவிடலாம். உள்ளங்கையின் ஓரம் தாளில் பட்டால் கிராஃபைட் இழுபடும் என்பது தெரிந்ததுதான். அதைவிட மோசம், வெற்றுத் தாளில் பட்ட வியர்வையும் எண்ணெய்ப் பசையும். அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு அதன் மேல் அடிநிறம் போட்டால் அந்த இடம் மட்டும் திட்டாகக் கறுத்து, ரப்பருக்கும் மசியாமல் நிற்கும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும், ஈரமானதும் மாற்றுங்கள். ரப்பர் தூளை வாயால் ஊதவும் கூடாது. எச்சில் துளி விழுந்த இடம் புள்ளியாகிவிடும். பழைய மேக்கப் பிரஷ் ஒன்று போதும்.

கீறி வைப்பது

கட்டம் போட்டோ டிரேஸ் எடுத்தோ எச்பி-யில் மங்கலாக உருவம் போட்டுக்கொள்ளுங்கள். ஓரக்கோட்டைத் தொடர்ச்சியாக இழுக்காமல், குட்டைக் குட்டையாக, முடி போகும் திசையிலேயே போடுங்கள். கண், மூக்கு, காது மூன்றும் இடம் சரியாக இருக்கவேண்டும். மற்றதைப் பிறகு நகர்த்தலாம்.

நிறம் எதுவும் போடுவதற்கு முன் மீசைகளைக் கீறவேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் தாளில் அழுத்தி ஒரே வீச்சில் இழுத்தால் பள்ளம் விழும். பிறகு மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கும்போது பள்ளத்துக்குள் கிராஃபைட் இறங்காமல் வெள்ளைக் கோடாக நிற்கும். மீசைக்குப் பேனா சரி. காதோரத்து மெல்லிய முடிக்குத் தையல் ஊசி, ஆனால் முனையை உப்புத்தாளில் மழுக்கிவிட்டு. கூர் ஊசி தாளைக் கிழிக்கும். கிழிந்த இழையில் கிராஃபைட் போய்த் தங்கி, வெள்ளைக்குப் பதில் கருப்புக் கோடு வரும். கீறியது கீறியதுதான், அழிக்க முடியாது. ஆகவே வேறு துண்டுத் தாளில் பத்து முறை இழுத்துக் கை பழகிய பிறகு வாருங்கள். முகத்துக்கு மொத்தம் 12 மீசை, காதுகளில் பத்துப் பதினைந்து முடி. அதற்கு மேல் கீறினால் படம் முழுக்கப் பிளாஸ்டிக் நூல் ஒட்டியது போலாகும்.

அடிநிறம்

டப்பியில் சேர்த்த கிராஃபைட் தூளை மென்மையான பிரஷால் தொட்டு, ஒளி விழும் இடங்களை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மங்கலாகப் பூசுங்கள். தூள் இல்லையென்றால் 2பி-யைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். பிரஷோ பென்சிலோ, இதிலும் அம்புக்குறிப் போக்கில்தான் கை போகவேண்டும். விரலால் தேய்க்காதீர்கள். தாளின் வெள்ளையில் கால் பங்கு இருட்டானால் போதும், அதற்கு மேல் வேண்டாம். இது தோலோடு ஒட்டிய அடிமுடியின் நிறம். மேலே தெரியும் நீள முடிகள் இதன் மேல்தான் உட்காரப் போகின்றன. 1502-ல் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த முயலிலும் வரிசை இதுதான், பென்சிலுக்குப் பதில் தண்ணீர் வண்ணம்: முதலில் பழுப்புப் பூச்சு, அதன் மேல் தூரிகை நுனியில் முடி.

இரண்டு செ.மீ. சதுரம்

முழு முகத்துக்கும் செய்வது ஒரே வேலைதான் என்பதால், கண்ணுக்குக் கீழே கன்னத்தில் 2 செ.மீ.க்கு 2 செ.மீ. ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒளி இடது மேலிருந்து வருகிறது. முடி இடமிருந்து வலமாக, சற்றே கீழ் நோக்கிப் போகிறது. அடிநிறம் போட்டாயிற்று.

முதலில் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பாருங்கள். தனி முடி மறைந்து நாலைந்து கற்றைகள் தெரியும். ஒவ்வொரு கற்றையும் ஏறக்குறைய வேப்பிலை வடிவம்: அடி அகலம், நுனி கூர், ஒரு பக்கமாகச் சாய்ந்த வளைவு. இரண்டு கற்றை ஒரே அளவில் இருக்காது. ஒன்று 9 மி.மீ. இருந்தால் பக்கத்தது 6, அடுத்தது நுனி பிளந்து இரண்டாக நிற்கும். இவற்றை எச்பி-யில் தொட்டும் தொடாமலும் குறியுங்கள்.

கற்றைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. மூக்குப் பக்கத்துக் கற்றையின் நுனி, அதற்குப் பின்னால் உள்ள கற்றையின் அடியை மூடுகிறது. ஓடு வேய்கிறவர் கூரையின் கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே போவார் அல்லவா, அதுபோல நாமும் காதுப் பக்கத்திலிருந்து தொடங்கி மூக்கை நோக்கி வரவேண்டும். மூக்கில் தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு நுனியும் அடுத்த கற்றைக்குள் புதைந்து போகும்.

இப்போது 4பி. ஒவ்வொரு கற்றையின் நுனிக்கும் அடியில், இரண்டு கற்றை பிரிகிற கவட்டில், ஒரு சின்ன முக்கோண இருட்டு வையுங்கள். 2 மி.மீ. போதும். அந்த முக்கோணத்திலிருந்து பின்னால் உள்ள கற்றையின் மேலே, முடி போகும் திசையில், குட்டைக் கோடுகள் கிளம்பவேண்டும். தொடக்கத்தில் அழுத்தம், போகப் போக விரல் லேசாகி, நுனியில் பென்சில் தாளை விட்டு எழுந்துவிட வேண்டும். கோலம் இழுக்கும்போது விரலிடையே மாவு தீரத் தீரக் கோடு மெலிந்து மறைவது போல. இரண்டு முனையும் ஒரே தடிமனாக இருக்கிற கோடு ரோமத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒரு கற்றைக்கு எட்டு முதல் பன்னிரண்டு கோடு, எல்லாம் அடியில் நெருக்கம், பாதி நீளத்துக்குள் மறைவு. நுனிப் பாதி அடிநிறத்தோடு சும்மா கிடக்கட்டும்; அதுதான் ஒளி.

அடுத்து 2பி-யைக் கூராக்கி, கற்றையின் நிழல் பக்கத்தில் மட்டும் மூன்று நான்கு நீளக் கோடு. பிறகு பிசையும் ரப்பரை அரிசியின் நுனி அளவுக்குக் கிள்ளி, ஒளிப் பக்கத்தில் போக்கோடு இழுத்து இரண்டு மூன்று வெளிச்ச முடி எடுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை ரப்பரை மடித்துச் சுத்தமான முகம் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் எடுத்த கரியை அதுவே திரும்பப் பூசும். எடுத்த வெளிச்ச முடியின் அடியில் 4பி-யால் மறுபடி தொட்டு வேர் கொடுங்கள். வேர் இல்லாத வெள்ளைக் கோடு கீறல் மாதிரித்தான் தெரியும்.

கடைசியாக மெக்கானிக்கல் பென்சிலால் ஐந்தாறு முடி மட்டும் போக்கிலிருந்து 15, 20 டிகிரி விலகி, கற்றையைத் தாண்டிக் குறுக்கே போகட்டும். எல்லா முடியும் படிந்திருந்தால் சீப்பு வாரியது போல இருக்கும். ஐந்தாறு விலகினால் உயிர். இருபது விலகினால் சொறி நாய்.

இந்தச் சதுரத்துக்கு முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகலாம், பழகினால் இருபது நிமிடம். படத்தைத் தொடுவதற்கு முன் துண்டுத் தாளில் இதே சதுரத்தை நாலு தடவை போடுங்கள். முழு முகத்துக்கு 12 முதல் 15 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே உட்காரலில் வேண்டாம்.

கோடு இழுக்கும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் இயல்பாக வளைகிறதோ அந்தப் பக்கம்தான் கோடும் வளையும். வலது கைக்காரர் எழுதும் இடத்திலேயே உட்கார்ந்து எல்லாத் திசைக்கும் இழுத்தால் நாயின் இடது கன்னம் அழகாகவும் வலது கன்னம் தலைகீழாகவும் வருவது அதனால்தான். கையை மாற்றாதீர்கள், தாளைத் திருப்புங்கள். அட்டையில் தாளை ஒட்டிவிட்டால் முழு அட்டையையும் தலைகீழாகக்கூடத் திருப்பலாம்.

நீளம் மாறும் இடங்கள்

மேலே சொன்ன அளவுப் படத்தில் மூக்குத் தண்டில் கோடு 1.5 முதல் 2 மி.மீ., ஏறக்குறைய புள்ளி. நெற்றியில் 3, 4. கன்னத்தில் 6 முதல் 9. காதடியிலும் கழுத்திலும் 15 வரை. இந்த நீளம் படிப்படியாக மாறவேண்டும். மூக்கில் நீளக் கோடு போட்டால் நாய் பொம்மையாகிவிடும். இது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. முடி நம்மை நோக்கி வருகிற இடங்களிலும், உதாரணமாக நேர்முகத்தில் நெற்றியின் நடுவில், கோடு குறுகி வெறும் புள்ளியும் கவடுமாகத்தான் தெரியும்.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. போக்கு ஓரத்தோடு சேர்ந்து ஓடுகிற இடத்தில், மூக்குத் தண்டின் மேல்விளிம்பு போல, ஓரம் வழவழப்பாகவே இருக்கும். போக்கு ஓரத்தை வெட்டி வெளியே போகிற இடத்தில், கழுத்தடி, காது நுனி போல, முடி நீட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் ஒரே மாதிரி முள் முள்ளாக வைத்தால் நாய் அல்ல, முள்ளம்பன்றி. பின்னணி இருட்டாக இருந்தால் வெளியே நீளும் வெளிச்ச முடியை வரைய முடியாது. பின்னணியின் இருட்டைத்தான் வெளியிலிருந்து உள்ளே, முடிகளின் இடைவெளியில் சொருகவேண்டும்.

நிறம் மாறினால்

கருப்பு நாய்க்கு எல்லா இடத்திலும் 6பி போடுகிறார்கள், ஓட்டை விழுந்தது போல் ஒரு கருப்புத் திட்டு கிடைக்கிறது. கருப்பு முடியில்தான் பளபளப்பு அதிகம். எலும்பு மேடு, தசை வளைவு எங்கெல்லாம் வானத்தின் ஒளி பட்டு மினுங்குகிறதோ அந்த இடத்தை முதலிலேயே எச்பி அளவோடு நிறுத்தி, அதன் இரண்டு கரையிலிருந்தும் 4பி கோடுகளை உள்நோக்கி மெலிய விடுங்கள். 6பி கவட்டு முக்கோணங்களுக்கு மட்டும். அழுத்தித் தேய்த்தால் இன்னொரு தொல்லை: கிராஃபைட் அப்பளம் அடுக்கியது போன்ற தகடுகள், அழுத்தத்தில் தகடெல்லாம் படிந்து கண்ணாடிபோல் மின்னும், பக்கவாட்டில் பார்த்தால் கருப்பு சாம்பலாகத் தெரியும். ஒரே அழுத்தத்தைவிட லேசான நாலு அடுக்கு நல்லது.

வெள்ளை முடிக்கு நேர் எதிர். அங்கே முடியே வரையக்கூடாது. கவட்டு நிழலை எச்பி-யிலும், அதிலிருந்து கிளம்பும் கோட்டை 2எச்-லும் வைத்து, முக்கால் பங்கு தாளை அப்படியே விட்டுவிடுங்கள். கை சும்மா இருக்காது, அதுதான் சிரமம்.

புள்ளிமான் வரைய ஆசைப்பட்டால் வேலூர்ப் பக்கத்து அமிர்தி உயிரியல் பூங்காவில் நின்று பார்க்கலாம். அதன் வெள்ளைப் புள்ளி பெயின்ட் அடித்த வட்டம் அல்ல. புள்ளியின் முன் ஓரத்தில் பழுப்பு முடி வெள்ளையின் மேல் படியும், பின் ஓரத்தில் வெள்ளை முடி பழுப்பின் மேல் படியும். ஆகவே இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்காது. அணிலின் முதுகுக் கோடுகளுக்கும் இதே விதி. தவிர, அணில் முடி ஒவ்வொன்றிலும் கருப்பும் வெளிறிய நிறமும் மாறி மாறி வருவதால் நீளக் கோடு போட்டால் சரிப்படாது. அடியில் ஒரு தொடல், இடைவெளி, நுனியில் ஒரு தொடல் என்று உடைத்துப் போடுங்கள்.

காளையின் குட்டை முடியை முடியாக வரையத் தேவையே இல்லை. தசையின் ஒளி நிழலை வழவழவென்று போட்டு, நெற்றிச் சுழி, கழுத்து மடிப்பு, திமிலடி, வால் குஞ்சம் ஆகிய நாலு இடத்தில் மட்டும் முடி காட்டினால் முழு உடம்பும் முடியாகிவிடும். வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகளைப் பார்க்கிறவர் கவனிக்கலாம்: விஜயநகரக் காலத்துச் சிற்பி பிடரியைத் தனி முடியாகச் செதுக்கவில்லை, சுருள் சுருளாகக் கொத்துப் பிடித்திருக்கிறார். கல்லில் அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது

படத்தை மூன்று அடி தள்ளி வைத்துப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். புல் மாதிரி இருந்தால் கவட்டு நிழல் போதவில்லை, கோடு அதிகம்: 4பி முக்கோணங்களைக் கூட்டி, நடுக்கோடுகளை ரப்பரால் ஒற்றி எடுங்கள். மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் பிரிந்தால் அம்புக்குறித் தாளைத் திரும்ப வைத்துப் பாருங்கள். கோணம் எங்கேயோ கையின் பழக்கத்துக்குப் போயிருக்கும். பஞ்சு மாதிரி இருந்தால் தேய்ப்பு கூடிவிட்டது, நுனிகள் மங்கிவிட்டன: கூரான 2பி-யால் ஒவ்வொரு கற்றைக்கும் ஒரே ஒரு நுனியை மட்டும் தெளிவாக்கினாலே மீண்டுவிடும். முகம் முழுக்க ஒரே நுணுக்கமாக இருந்து எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை என்றால், கழுத்துப் பக்கத்தை ஒரு பெரிய பிரஷால் லேசாக ஒருமுறை தடவி மங்கவிடுங்கள். கண்ணைச் சுற்றி மட்டும் கூர் இருந்தால் போதும்.

மூக்கின் ஈரத்தோலையும் கண்ணின் ஒளிப்புள்ளியையும் கடைசியில் முடியுங்கள். அதற்கு முன்பே முடித்தால் கை பட்டுக் கலையும்.

வேலை முடிந்ததும், கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸேடிவ் ஸ்பிரே இருந்தால் மாடியில் நிழலில் வைத்து, 30 செ.மீ. தள்ளி, லேசாக இரண்டு தடவை. முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. 2எச் இடங்கள் கொஞ்சம் கறுக்கலாம், அதை நினைத்து அவற்றை ஒரு படி வெளிறியே வைத்திருப்பது நல்லது. தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்துவதைக் கைவிடுங்கள், நாளடைவில் தாள் மஞ்சளாகும். ஸ்பிரே இல்லையென்றால் பட்டர் பேப்பர் ஒன்றை மேலே வைத்து, சுருட்டாமல், தட்டையாக ஃபைலில் வையுங்கள். ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி நேராகப் படத்தில் உட்காரக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். ஓரத்தில் மவுன்ட் அட்டை வைத்து 2, 3 மி.மீ. இடைவெளி விடச் சொன்னால் செய்து தருவார்கள். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றும்போது நாயின் கன்னத்தில் பாதி கண்ணாடியோடு வந்துவிடும்.